பால் வடிந்த கிளை

மலர்க்கொடிக்கு மரங்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறந்தது புளியந்தோப்பில், வாழ்க்கைப்பட்டது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். வேம்பு, அரசு, முருங்கை, வாதாமரம், இவைதான் அவள் பெயர் சொல்லக்கூடிய மரங்கள். மற்றதெல்லாம் அவளுக்கு வெறும் மரம். அப்படிப்பட்டவளுக்கு, எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் மரம் வளர்க்கும் வேலை வாய்த்தது.

சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். கணவன் சுப்பராயனுக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகுத்தண்டு விலகி, வாரத்தில் பாதி நாள் படுத்தே கிடக்க ஆரம்பித்த வருடம் அது. அப்போது யார்டில் பசுமை வளையம் என்று சொல்லிச் சுற்றுச்சுவர் ஓரமாகக் கன்றுகள் நட்டார்கள். ஆந்திரா நர்சரியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய கன்றுகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு தொங்கியது. முதல் மழையில் எழுத்து கரைந்துபோயிற்று. "மலரு, இனிமே நீ செடிக்குத் தண்ணி வுடு" என்றார் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் குமாரவேல். அன்றிலிருந்து அவள் கையில் துடைப்பத்துக்குப் பதில் ஹோஸ் பைப்.

அங்கே செடி வளர்ப்பது லேசான காரியம் இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. காற்றடித்தால் மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்து இலைமேல் படியும். லாரிகள் நாள் முழுக்கப் புகை கக்கும். புங்கன் பட்டுப்போனது, மகிழம் பட்டது, கொன்றை ஒரு தடவை பூத்துவிட்டுப் பட்டது. ஒரு ஜாதி மட்டும் எதற்கும் அசையாமல் எழுந்தது. நீள நீளமான இலைகள், கிளை நுனியில் கொத்தாக. பெரிய நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூ, நடுவில் மட்டும் மஞ்சள். மாலையில் அதன் வாசனை டீசல் நாற்றத்தையும் தாண்டி வரும். காய்கள் பச்சையாகச் சின்ன மாங்காய் போலத் தொங்கும். பிறகு காய்ந்து, தோல் உதிர்ந்து, வெறும் நாராகக் கீழே கிடக்கும்.

"இதுக்குப் பேரு இன்னா சார்?" என்று ஒருமுறை குமாரவேலிடம் கேட்டாள்.

"பேரு தெரிஞ்சா தண்ணி கொறைச்சலா ஊத்துவியா? ஊத்துமா" என்றார் அவர்.

அவள் அதை வெள்ளப்பூ மரம் என்று கூப்பிட்டாள். பூவை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய் புத்தர் படத்துக்கு வைத்தாள். 'நான் வளத்த மரம்' என்று சுப்பராயனிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவளோடு வேலை பார்த்தவள் ரூத். நெட்டுக்குப்பத்துக்காரி, மலர்க்கொடியைவிடப் பத்து வயது மூத்தவள். கழிமுகத்தில் சாம்பல் சேர்ந்து நண்டும் இறாலும் குறைந்துபோனதில் புருஷனின் தொழில் படுத்தது. பிறகு புருஷனும் போய்ச் சேர்ந்தார். மகள் எஸ்தர் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். ரூத்துக்குச் சக்கரை நோய் உண்டு. மாத்திரையைவிடக் கசப்பில்தான் அவளுக்கு நம்பிக்கை. காலையில் வேப்பங்கொழுந்து, பாகற்காய்ச் சாறு, யாராவது ஒரு வேரைக் கொடுத்து கசக்கும் என்றால் அதையும் மென்றுவிடுவாள். மலர்க்கொடி அவளை ரூத்தக்கா என்பாள். இருவரும் மதியம் அந்த மரத்து நிழலில்தான் சாப்பிடுவார்கள். யார்டில் வேறு நிழல் கிடையாது.

மே மாதத்தில் ஒருநாள் ரூத் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோறு ஊசிப்போயிருந்தது.

"கலீஜா பூட்ச்சு" என்று மூடியைச் சாத்தினாள்.

மலர்க்கொடி தன் சோற்றில் பாதியைத் தள்ளினாள். ரூத் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். அப்போதுதான் மலர்க்கொடியின் கண்ணில் அது பட்டது. காலடியில் கிடந்த காய்ந்த காய். கையில் எடுத்துப் பார்த்தாள். நார் நாராக, லேசாக, வாதாங்கொட்டை போலவே இருந்தது. புளியந்தோப்பில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வாசலில் கல்லால் தட்டித் தட்டித் தின்ற கொட்டை.

"அக்கா, இத்தப் பாரேன். நம்ம வாதாங்கொட்டை மாதிரியே கீது."

"அது இலை அகலமா இருக்குமேடி."

"இது வேற ஜாதி வாதாமா இருக்கும். ஆந்திரா வாதாம்."

செங்கல்லால் தட்டினாள். உள்ளே பருப்பு இருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தவள், அடுத்த நொடியே துப்பினாள்.

"உவ்வே... கசக்குது."

"கசக்குதா?" ரூத் கை நீட்டினாள். "குடு பாக்கலாம்."

"துண்ணு துண்ணு. கசந்தா உன் சக்கரைக்கு நல்லதுதானே" என்றாள் மலர்க்கொடி, சிரித்துக்கொண்டே. பருப்பை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ரூத் அதை மருந்து தின்பதுபோல முகத்தைச் சுளித்து மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

வேலை முடிகிற நேரத்துக்குள் ரூத் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயெல்லாம் எரிகிறது என்றாள். கண்ணெதிரே எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். வெயில்தான் காரணம் என்று மலர்க்கொடி முதலில் நினைத்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலில் ரூத்தின் கை ஐஸ்போலச் சில்லிட்டிருந்தது. ஷேர் ஆட்டோவைத் தனியாகப் பிடித்து, பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எஸ்தர் கடையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

டியூட்டியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர், இளவயது. ரூத்தின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. இன்னொரு கையால் நர்ஸைக் கூப்பிட்டு மெஷின் வைக்கச் சொன்னார். காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"சோறு ரெண்டு வாய். அப்பால... பாதாம் கொட்டை டாக்டர்."

"பாதாம் சாப்பிட்டா நாடி இப்படி இறங்காது. கடையில வாங்கினதா?"

"இல்ல. மரத்துலேர்ந்து விழுந்தது."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "எந்த மரம்?"

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

"அரளி விதை தின்னவங்களுக்கு இப்படித்தான் ஆகும். ஆனா அரளின்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இதயத்துக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சிட்டேன். என்ன விஷம்னு தெரிஞ்சா எவ்வளவு தூரம் போகும்னு பாத்துத் தயாரா இருக்கலாம். இலை, காய் ரெண்டும் எடுத்துட்டு வாங்க. காய் மட்டும் போதாது, இலையும் வேணும். கிளையோட கிடைச்சா நல்லது."

எஸ்தர் போனிலிருந்து குமாரவேலுக்குப் பேசினாள் மலர்க்கொடி. மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

"எந்த மரம்? அந்தம்மா வூட்டு சோறு ஊசிப்போய் வாந்தி எடுத்துச்சு. அவ்ளோதான். யார்டு பேரை இதுல இஸ்துவுடாதே மலரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடியும் ஆட்டோ. யார்டு கேட்டில் வாட்ச்மேன் மதார் சாகிப் தயங்கியபடி நின்றார். உள்ளே இரண்டு ஆட்கள் அவள் மரங்களுக்கு அடியில் காய்ந்த காய்களைக் கூட்டிக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடிந்தது. குமாரவேல் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உள்ள வுடாதேன்னு ஆர்டரும்மா" என்றார் மதார் சாகிப். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பின்னாடி சாக்கடைப் பக்கம் கிளை வெளிய தொங்குது. அதுக்கு எனக்கு ஆர்டர் இல்ல."

சுவரின் பின்பக்கம் கறுப்பாகத் தேங்கிய கழிவுநீர்க் கால்வாய். அதன்மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் ஏறி நின்று, தொங்கிய கிளையை எட்டிப் பிடித்து முறித்தாள். முறிந்த இடத்திலிருந்து பால் வடிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, அவள் விரல்களில் வழிந்து பிசுபிசுத்தது.

மலர்க்கொடி அப்படியே நின்றாள். வாதாமரத்தை எங்கே முறித்தாலும் பால் வராது. அது அவளுக்குத் தெரியும். பெரம்பூரில் ஒரு வீட்டு வாசலில் அரளிச் செடி இருந்தது. அதைக் கிள்ளினால் இப்படித்தான் வடியும் என்று அம்மா கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் இந்த மரத்தின் ஒரு இலையைக்கூட அவள் கிள்ளிப் பார்த்ததில்லை. கிள்ள மனசு வந்ததில்லை.

கிளையில் இரண்டு பச்சைக் காய்கள் ஜோடியாக இருந்தன. கீழே சேற்றில் காய்ந்த காயும் ஒன்று கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

சாலை முனையில் ஒரு மளிகைக் கடை. கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பல வருடமாக நடத்துவது. கையைக் கழுவவும் ஒரு கவர் வாங்கவும் அங்கே போனாள். கல்லாவில் இருந்த தங்கபுஷ்பம் கவரை நீட்டியவள், கிளையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எம்மா, இத எங்கேருந்து ஒடிச்ச?"

"ஏன்க்கா? இன்னா மரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். இலையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "அந்தக் காய்ஞ்ச காயக் காட்டு." பார்த்தாள். "இது ஒதளங்கா ஆக்கும். எங்க ஊர்ல ஆத்தங்கரையில, குளத்தங்கரையில எல்லாம் நிக்கும். பாக்க மாங்கா மாதிரி இருக்கும், உள்ள கொடும் விஷம். முதல்ல கையக் கழுவு. கண்ணத் தொட்டுராத, கேட்டியா?"

மலர்க்கொடி கை கழுவவில்லை. "இத்தத் துண்ணா...?"

"யாரு தின்னா?"

மலர்க்கொடி அழ ஆரம்பித்தாள். தங்கபுஷ்பம் மேற்கொண்டு கேட்கவில்லை. மகன் அபினைக் கூப்பிட்டாள். அபின் போனில் தேடி, படத்தையும் கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இலை சரி, காய் சரி. மலர்க்கொடி சொன்ன எஸ்தர் எண்ணுக்கு அடித்து டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி, தாவரவியல் பெயரைப் படித்தான்: "செர்பெரா ஓடொல்லம்."

"அரளிக் குடும்பம்தான்" என்று டாக்டரின் குரல் கேட்டது. "சரி. நான் கார்டியாலஜிக்குச் சொல்லிடறேன். கிளையையும் கொண்டு வந்துடுங்க."

ஆட்டோ கிளம்பும்போது தங்கபுஷ்பம் கிட்டே வந்தாள். "எங்க பெரியம்மைக்க மவளுக்க சீவன் இதுலதான் போச்சு. அப்போ ரோடு கெடையாது, ஆசுபத்திரி கெடையாது. நீ பயப்படாத பிள்ளே, இப்போ எல்லாம் உண்டு" என்றாள். மலர்க்கொடிக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

ரூத்தின் கழுத்து வழியாக ஒரு ஒயரை இதயம்வரை செலுத்தி, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். அந்தப் பெட்டிதான் துடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். மலர்க்கொடி ஐ.சி.யூ வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இல்லன்னா அம்மா போயிருக்கும் ஆன்ட்டி" என்றாள். அந்த வார்த்தை மலர்க்கொடியை நெருப்பாகச் சுட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். விஷம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போவது வழக்கம். அவர் எஸ்தரிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? உனக்கும் அம்மாவுக்கும் சண்டையா? வேற எதாவது மனக்கஷ்டம்?"

எஸ்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "எங்கம்மா அப்படிச் செய்யாது சார்."

"விஷக்கொட்டைய யாரும் தெரியாம மென்னு முழுங்குவாங்களா? கம்பெனிக்காரங்களும் அந்தம்மா கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருந்தாங்கன்னு சொல்றாங்க."

குமாரவேலும் வந்து வராந்தாக் கோடியில் நின்றிருந்தார். மலர்க்கொடியைத் தனியாக அழைத்தார். ஆள் ஒரே நாளில் இளைத்துப்போனது மாதிரி இருந்தார்.

"மலரு, நான் சொல்றதைக் கேளு. மேல இருந்து என்னை இன்னா வாங்கு வாங்கறாங்க தெரியுமா? அந்தம்மாவே துண்ணுச்சுன்னு போய்ட்டா யாருக்கும் பேஜாரு இல்ல. உனுக்கும் இல்ல. கம்முனு இரு. யாரு கொட்டைய ஒடைச்சதுன்னு அவன் கேக்க ஆரம்பிச்சான்னு வெச்சுக்க, உன்கிட்டதான் வந்து நிக்கும்."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. உடைத்த செங்கல்லும் கொட்டை ஓடுகளும் அவர்கள் சாப்பிட்ட இடத்திலேயே கிடந்திருக்கும். அவள் பயந்துபோனாள் என்பதுதான் உண்மை. சுப்பராயனை நினைத்தாள். ஜெயில் என்ற வார்த்தை அவள் மனதில் வந்தது. வராந்தாவில் அந்தக் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் ரூத் தெரிந்தாள். சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவள். ஊரில் நாளைக்கு அவளைப் பற்றி என்ன பேசுவார்கள்? எஸ்தரைப் பற்றி என்ன பேசுவார்கள்?

மலர்க்கொடி போலீஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அது தானா துண்ணல. நான்தான் குடுத்தேன்."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாதாங்கொட்டைன்னு நெனச்சேன் சார். நான்தான் ஒடைச்சேன். நான் வாயில வெச்சேன், கசந்துச்சு, துப்பிட்டேன். சக்கரைக்கு நல்லது, துண்ணுக்கான்னு நான்தான் சொன்னேன். எழுதிக்கோங்க."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். இரண்டு தடவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தெரியாமல் நடந்தது என்று ரூத்தும் கண் விழித்த பிறகு சொன்னதால் விஷயம் அதற்குமேல் போகவில்லை. ஆனால் எஸ்தர் அன்று வராந்தாவில் மலர்க்கொடியின் பக்கத்திலிருந்து எழுந்துபோய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். "நேத்து பூரா என் பக்கத்துல உக்காந்துனு இருந்தீங்களே ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

ஒயரை எடுத்த பிறகு ரூத் வீடு திரும்பினாள். உயிர் பிழைத்தாள், பழைய உடம்பு திரும்பவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. வேலைக்குப் போகும் பேச்சே இல்லை. யார்டில் மலர்க்கொடியையும் வரவேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மரங்களை வெட்டவில்லை. பசுமை வளையத்தை அதிகாரிகள் வந்து பார்க்கும்போது மரம் இருக்க வேண்டுமாம். சுவருக்கு வெளியே நீண்ட கிளைகளை மட்டும் நறுக்கினார்கள். அவளுக்குப் பதில் வேறு ஒரு பெண் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று மதார் சாகிப் சொன்னார். அந்தப் பெண்ணை ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பிடித்து, "அந்தக் காய மட்டும் தொடாதம்மா" என்றாள் மலர்க்கொடி. வேலை போன வயிற்றெரிச்சல் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

காசிமேட்டில் ஒரு இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டுக்குப்பம் போவாள். முதல் தடவை எஸ்தர் கதவைத் திறந்தவள், ஒன்றும் பேசாமல் வழிவிட்டு வெளியே போனாள். ரூத் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மலரு?"

"கேளுக்கா."

"உன் வாயில வெச்சே. கசந்துச்சு. துப்பிட்டே. எனுக்கு மட்டும் நல்லதுன்னு எப்பிடித் தோணுச்சு உனுக்கு?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்புக்குத்தான் சொன்னேன் என்று சொல்லலாம். உனக்குக் கசப்பு பிடிக்கும் என்பதால் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் எதைச் சொன்னாலும் அது பதிலாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

"தெரிலக்கா" என்றாள்.

ரூத் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "மருந்து எடுக்கணும். அந்தப் பைய எடு" என்றாள்.

மலர்க்கொடி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், துணி துவைத்துப் போடுவாள், காலை அமுக்கிவிடுவாள். ரூத் வேண்டாம் என்று சொல்வதில்லை. பழையபடி வாயாடுவதும் இல்லை. எஸ்தர் இப்போது ஒரு டம்ளர் டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள், முகத்தைப் பார்க்காமல். மலர்க்கொடி அதைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்கிறாள்.